தூளி கட்டித் தூங்கலாம் வாங்க... கரிசக்காட்டு ஹம்மாக் கேம்ப்பிங்குக்கு பேக்பேக் அடுக்குவது எப்படி?

பாளையம்பட்டிப் பக்கம் பிறந்த யாருக்கும் ஹம்மாக் புதுசு இல்லை. பிறந்த சில நாள்லயே அதில் ஏறிப் படுத்தாச்சு. அம்மாவோட பழைய பருத்திச் சேலை, உத்தரத்தில் ஒரு முடிச்சு, அவ்வளவுதான் தூளி. களையெடுக்கப் போகும் அம்மாக்கள் அதே சேலையை வேப்பமரக் கிளையில் கட்டி, பிள்ளையைப் போட்டுவிட்டுக் காட்டுக்குள் இறங்குவார்கள். தரையில் துண்டை விரித்துப் படுக்க வைக்காமல் அந்தரத்தில் தொங்கவிட்டதற்குத் தாலாட்டு மட்டும் காரணமில்லை. கீழே கட்டெறும்பு, தேள், பூரான், பாம்பு எல்லாம் உண்டு.

கரீபியன் தீவுகளில் வாழ்ந்த டைனோ மக்களும் இதையேதான் பருத்தி நூலில் பின்னிப் படுத்திருந்தார்கள். 1492-ல் அங்கே போய் இறங்கிய கொலம்பஸ் கூட்டம் அதைப் பார்த்து வியந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனது. பிறகு கப்பல் மாலுமிகளின் படுக்கை ஆனது, ராணுவத்துக்குப் போனது. இப்போது பாராசூட் நைலானில் தைத்து, கையடக்கப் பையில் சுருட்டி, ஆன்லைனில் நம் வீட்டு வாசலுக்கே வருகிறது. வாங்கியவர்கள் நிறைய பேர் மொட்டைமாடியில் ஒரு செல்ஃபி எடுத்ததோடு அதைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். எடுங்க அதை! மதுரையிலிருந்து 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருச்சுழி வட்டாரம் ஒரு ராத்திரி தூளி கட்டிப் படுக்க அருமையான இடம். ஆனா பையை எப்படி அடுக்குறோம்கிறதைப் பொறுத்துத்தான் அந்த ராத்திரி சொர்க்கமா, சோதனையான்னு தெரியும்.

டென்ட் ஏன் வேண்டாம்?

இது கரிசல் பூமி. காய்ந்து கிடக்கும்போது பாளம் பாளமாக வெடித்திருக்கும். டென்ட் ஆணியை அடித்தால் ஒன்று இறங்காது, இல்லாவிட்டால் வெடிப்புக்குள் தொளதொளவென்று நிற்கும். ஒரு மழை பெய்துவிட்டால் அதே மண் களியாகி, செருப்போடு சேர்ந்து ஒரு கிலோ ஒட்டிக்கொண்டு வரும். போதாததுக்கு சீமைக்கருவேல முள் வேற. டென்ட்டின் அடித்துணியைக் கிழிக்க ஒரே ஒரு முள் போதும். தூளிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ரெண்டு மரம் கிடைத்தால் தரை எப்படி இருந்தால் என்ன?

எடை கணக்கும் முக்கியம். கம்பி, ஆணியோடு வரும் சாதாரண விலை டென்ட்டைவிட ஹம்மாக், கொசுவலை, மேல்விரிப்பு மூன்றும் சேர்ந்தே பெரும்பாலும் எடை குறைவு. அப்படி மிச்சமாகிற எடையைத் தண்ணீருக்குக் கொடுக்கணும். மலைக்குப் போகிறவர்கள் ஓடையில் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒரு பாட்டிலோடு கிளம்புவார்கள். இங்கே அது நடக்காது. கண்மாயில் தண்ணி கிடந்தாலும் மாடு இறங்கின தண்ணி, உரம் கரைந்து வந்த தண்ணி. போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பு. குளிக்கிற தண்ணியும் குடிக்கிற தண்ணியும் வேற வேற என்று சின்ன வயசிலேயே தெரிந்துகொள்கிற ஊர்கள் இவை. ஓர் ஆளுக்கு ஒரு ராத்திரி, மறுநாள் காலைக்கு 5 லிட்டர். அதாவது 5 கிலோ. இந்த 5 கிலோவைச் சுற்றித்தான் பை முழுவதையும் அடுக்கப் போகிறோம்.

எங்கே கட்டுவது?

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைந்து தங்குவது குற்றம். 'மேற்கே ஒரு மணி நேரம் போனா மலை வந்துடுமே' என்று வண்டியைத் திருப்பாதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதி 2021-லிருந்து புலிகள் காப்பகம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன 20 பேருக்கும் மேல் கருகி இறந்ததை நாம் மறக்கக் கூடாது. அதற்குப் பிறகு விதிகள் கடுமையாயின. 2024-ல் தமிழக அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 மலையேற்றப் பாதைகளை ஆன்லைன் பதிவோடு திறந்திருக்கிறது. மலைக்குப் போகணும்னா அந்த வழியில் போங்க.

தூளி கட்டி ஒரு ராத்திரி தங்க நல்ல இடம், தெரிந்தவர் தோட்டம். தெரியாதவர் தோட்டம் என்றால் வெளிச்சம் இருக்கும்போதே போய்க் கேட்டுவிடுங்கள். "அண்ணே, இந்த ரெண்டு வேப்பமரத்துல தூளி கட்டி ராத்திரி மட்டும் படுத்துக்கிறோம்ணே. தீ மூட்ட மாட்டோம், குப்பை போட மாட்டோம்." இந்த ரெண்டாவது வரியைச் சொல்லிப் பாருங்கள், முக்கால்வாசி பேர் சரி என்பார்கள். "எதுக்குப்பா மரத்துல தொங்குறீங்க, திண்ணையில படுங்க" என்று சொல்பவரும் இருப்பார். அவரிடம்தான் பாம்பு எந்தப் பக்கம் போகும், நாய் கடிக்குமா, பம்ப்செட் எத்தனை மணிக்கு ஓடும் என்றெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தை, மாசி மாதங்கள் பெஸ்ட். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். பங்குனி தாண்டினால் ராத்திரியிலும் அனல் அடிக்கும். சித்திரை, வைகாசியில் சாயங்காலம் இடி மின்னலோடு கோடை மழை வரும். வெட்டவெளியில் ஒத்தையாக நிற்கும் மரத்தடியில் இருக்கவே கூடாத நேரம் அது. இடிச்சத்தம் கேட்டால் தூளியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள். பொருள் நனைஞ்சா நனையட்டும்.

இருட்டில் எது முதலில் வேணும்?

பேக்பேக் அடுக்குவதற்கு யூடியூப்பில் ஆயிரம் வீடியோ இருக்கிறது. படுக்கை அடியில், கனமானது நடுவில், லேசானது மேலே என்பார்கள். தப்பில்லை. ஆனால் அது பையைச் சுமக்கும் நேரத்துக்கான கணக்கு. தூளிக்காரர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு: போய்ச் சேர்ந்ததும் எது முதலில் வெளியே வரணும்? பஸ் லேட்டாகி, பொழுது சாய்ந்து, ஏழு மணிக்குத் தோட்டத்தில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு தூறல் வேற. டார்ச் தேடி மொத்தப் பையையும் தரையில் கொட்டினால் போச்சு. போர்வை நனையும், கொக்கி புல்லுக்குள் தொலையும், திரும்ப அள்ளிப் போடும்போது கூடவே ஒரு தேளும் ஏறிக்கொள்ளும்.

அதனால் முதலில் வேண்டியது கடைசியாக உள்ளே போகணும். டார்ச் அதற்கும் மேலே, கையை விட்டால் சிக்குகிற ஜிப் அறையில். தலையில் மாட்டும் டார்ச்தான் வேணும். செல்போன் வெளிச்சத்தில் ஒரு கையால் முடிச்சுப் போட யாராலும் முடியாது. விசில், சின்னக் கத்தி, காயத்துக்குக் கட்டும் பஞ்சு, பேண்டேஜ், நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை எல்லாம் அதே அறைக்குப் போகட்டும்.

மேல்விரிப்பு, அதாவது மழை, பனிக்கு மேலே கட்டும் தார்ப்பாய், பைக்குள்ளேயே போகக் கூடாது என்பது என் கட்சி. பையின் வெளியே இருக்கும் வலைப்பைதான் அதன் இடம். போனதும் முதலில் கட்டுவதும் அதுதான், காலையில் கடைசியாக அவிழ்ப்பதும் அதுதான். அதற்குள் பனியில் ஊறியிருக்கும். ஈரத்தார்ப்பாயை உள்ளே திணித்தால் போர்வையெல்லாம் முக்க நாற்றம். வெளியே தொங்கினால் போகிற போக்கிலேயே காய்ந்துவிடும்.

அடுத்து, பையைத் திறந்ததும் கைக்கு வர வேண்டியவை மரத்தில் கட்டும் நாடாவும் ஹம்மாக்கும். இரண்டையும் ஒரே சுருளாகச் சுருட்டாதீர்கள். நாடாவில் மரப்பட்டை, பிசின், எறும்பு ஒட்டி வரும். அதைத் தனியாக ஒரு சின்னத் துணிப்பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். கொசுவலை ஹம்மாக்கோடு சேர்த்துத் தைத்த மாடலாக இருந்தால் வேலை மிச்சம். தனி வலை என்றால் ஹம்மாக் சுருளுக்குள்ளேயே வைத்துச் சுருட்டுங்கள்.

தண்ணீருக்கு முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் இடம் கொடுக்கணும். ரெண்டு லிட்டர் பாட்டில் இரண்டு உள்ளே, ஒரு லிட்டர் வெளியே பக்கவாட்டுப் பையில். ஒரே 5 லிட்டர் கேன் வேண்டாம். நடக்க நடக்க 'சளக் சளக்' என்று அலையடித்து உங்களை ஒரு பக்கம் தள்ளும். மூடி கழன்றால் மொத்தமும் காலி. கனம் முதுகைவிட்டுத் தள்ளி இருந்தால் பை பின்னால் இழுக்கும், நீங்கள் முன்னால் குனிவீர்கள். மறுநாள் இடுப்பு பதில் சொல்லும். பாட்டில்களைச் சுற்றி வரும் சந்துகளில் மாற்றுத்துணியைத் திணித்தால் பாட்டில் அசையாது, முதுகிலும் குத்தாது.

அடியில் போர்வை, தூங்கும்போது போடும் உடை. இவை கடைசியில்தான் வேணும். ஒரு பெரிய குப்பைப் பையை உள்ளுறையாகப் பைக்குள் விரித்து, அதற்குள் இவற்றை வைத்து வாயைச் சுருட்டி மூடிவிடுங்கள். பேக்பேக்குக்கு மேல் போடும் மழை உறையை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. முதுகுப்பக்கம் அது மூடவே மூடாது.

40 லிட்டர் பை தாராளம். 60 லிட்டர் வாங்கினால் இடம் இருக்கே என்று ஸ்பீக்கர், செங்கல் மாதிரி ஒரு பவர்பேங்க், 'ஒருவேளை தேவைப்படுமோ' பொருள்கள் எல்லாம் ஏறும். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் பை இருக்கணும் என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ ஆள் என்றால் 12 கிலோ. வெறும்பை 1.2, ஹம்மாக்-நாடா-வலை 1.3, தார்ப்பாய் 0.7, போர்வையும் அடிவிரிப்பும் 1.3, துணி 0.7, சாப்பாடு 0.8, சில்லறைச் சாமான்கள் 0.8. மொத்தம் 6.8 கிலோ. தண்ணீரைச் சேர்த்தால் 11.8. பார்த்தீங்களா, ஒரு ஜோடி ஷூவுக்குக்கூட மிச்சமில்லை.

சாப்பாட்டில் அடுப்பை விட்டுவிடுங்கள் என்பேன். அடுப்பு, கேஸ், பாத்திரம், அதைக் கழுவத் தண்ணி என்று ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வரும். காய்ந்த சருகுக்கு நடுவே தீ என்கிற பயமும் இல்லை. ராத்திரிக்குப் புளியோதரை, காலைக்கு மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய் தடவிய இட்லி, நொறுக்குத்தீனிக்குக் கோவில்பட்டி கடலைமிட்டாய். சாத்தூர் காராச்சேவும் ஆசைதான். ஆனா அதைத் தின்றால் ஒரு லிட்டர் தண்ணி கூடுதலாகக் காலியாகும், பார்த்துக்கோங்க.

அடுக்கி முடித்ததும் ஒரு டெஸ்ட். மொட்டைமாடிக்குப் போய் லைட்டை அணைத்துவிட்டு டார்ச், தார்ப்பாய், நாடா, ஹம்மாக் நாலையும் அந்த வரிசையில் எடுங்கள். வேறு எதையும் வெளியே வைக்காமல் எடுக்க முடிந்தால் பாஸ்.

மரம் பார்த்துக் கட்டு

தூளியில் விழுந்து அடிபடுவது பெரும்பாலும் மூன்று காரணத்தால்: மரம், கொக்கி, கோணம்.

வேம்பும் புளியும் நல்ல உறுதி. புளியமரத்தில் பேய் இருக்கிறது என்று பாட்டி சொன்னதை நம்புகிறவர்கள் வேம்புக்குப் போகலாம். அடிமரம் குறைந்தது உங்கள் தொடை பருமனாவது இருக்கணும், பச்சையாக இருக்கணும். தட்டினால் 'டொப்' என்று பொந்துச் சத்தம் கேட்டால் வேண்டாம். மேலே காய்ந்த கிளை எதுவும் தொங்கவில்லையே என்று அண்ணாந்து பாருங்கள். முருங்கை சும்மாவே முறியும் மரம், பக்கத்தில்கூடப் போகாதீர்கள். சீமைக்கருவேலம் முள். ஆலம் விழுது பார்க்கக் கயிறு மாதிரி இருந்தாலும் கட்டக் கூடாது. தென்னந்தோப்பு போட்டோவுக்கு அழகு. ஆனால் தேங்காயும் மட்டையும் எப்ப விழும்னு யார் கண்டது? இந்த ஊரின் அழகே பனைதான், நம் மாநில மரமும்கூட. அதிலும் கட்ட வேண்டாம். காய்ந்த மட்டை கருக்கோடு விழும், ஆடி, ஆவணியில் பழம் விழும், அடிமட்டை இடுக்குகளில் தேளும் பாம்பும் குடியிருக்கும்.

கோயில் மரத்திலும் வேண்டாம். பிள்ளை வரம் வேண்டிக் குட்டிக் குட்டித் தொட்டில் கட்டியிருக்கும் மரங்கள் இந்தப் பக்கம் நிறைய. அங்கே போய் நம் தூளியைக் கட்டுவது யாருக்கும் பிடிக்காது. சாலையோரப் புளியமரமும் கூடாது. காரணம் லாரி.

கயிறு மரத்தை அறுக்கும், வழுக்கும். நாடாக்கட்டில் பின்னுகிற மாதிரி அகலமான நாடாதான் வேணும், குறைந்தது ஓர் அங்குல அகலம். லாரியில் லோடு கட்டும் பாலியஸ்டர் பெல்ட்டும் நன்றாக உழைக்கும். கொக்கி விஷயத்தில் கஞ்சத்தனம் ஆகாது. கீ-செயினில் வரும் கலர் கலர் கொக்கி பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், ஆள் ஏறினால் விரிந்துவிடும். எவ்வளவு தாங்கும் என்று கொக்கியின் மேலேயே கிலோநியூட்டனில் பொறித்திருக்கும். பொறிப்பு இல்லாத கொக்கியை வாங்காதீர்கள். அதே மாதிரி, பாசத்தில் அம்மாவின் பழைய சேலையை எடுத்துப் பெரியவர்களுக்குத் தூளி கட்டவும் வேண்டாம். துவைத்துத் துவைத்து நைந்த துணி, மடிப்பு விழுந்த இடத்திலேயே கிழியும். அது மூணு கிலோ பிள்ளைக்குப் போட்ட கணக்கு.

இப்போ கோணம். தூளி தொய்வாக இருந்தால் முதுகு வலிக்கும் என்று நினைத்து கம்பி மாதிரி இழுத்துக் கட்டுவார்கள். உண்மை அதற்கு நேர் எதிர். நாடா படுக்கைமட்டத்திலிருந்து சுமார் 30 டிகிரி சரிவில் இருந்தால், 70 கிலோ ஆள் படுக்கும்போது ஒவ்வொரு பக்கமும் 70 கிலோ இழுவை. அதையே 10 டிகிரிக்கு இழுத்துக் கட்டினால் ஒவ்வொரு பக்கமும் 200 கிலோவைத் தொடும். ஆள் அதே ஆள்தான். மரத்துக்கும் நாடாவுக்கும் கொக்கிக்கும் மட்டும் மூணு மடங்கு பாரம். மரங்களுக்கு நடுவே 12 முதல் 15 அடி இடைவெளி, நாடாவைத் தலை உயரத்தில் கட்டினால் சரிவு தானாக அமையும். உட்கார்ந்தால் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் போகக் கூடாது. அறுந்தாலும் பின்புறம் வலிப்பதோடு போகும். படுக்கும்போது நேராகப் படுக்காமல் கொஞ்சம் குறுக்காகப் படுத்துப் பாருங்கள். துணி தட்டையாகும், வாழைப்பழம் மாதிரி வளையாமல் தூங்கலாம்.

ராத்திரி கவனம்

வெயில் பூமியில் எதற்குக் கம்பளி என்று கேட்பவர்கள் தை மாசப் பனியில் ஒருநாள் தொங்கிப் பார்க்கணும். தூளிக்குக் கீழே காற்று ஓடும். போர்வையை மேலே எத்தனை போர்த்தினாலும் முதுகு சில்லென்று இருக்கும். காரணம், உடம்புக்கு அடியில் நசுங்கிய துணியில் காற்று தங்காது, காற்று தங்காவிட்டால் சூடும் தங்காது. யோகா மேட் ஒன்றை உள்ளே விரித்துவிட்டால் பிரச்னை முடிந்தது. பையில் அதன் இடம், முதுகை ஒட்டிய பக்கம் மடித்து வைப்பது. தண்ணி பாட்டில் குத்தாமல் அதுவே மெத்தை ஆகிவிடும்.

பையைத் தரையில் வைக்கவே கூடாது. கால்மாட்டு நாடாவில் மாட்டுங்கள், ஜிப்பை முழுசாக மூடுங்கள். ஷூவையும் லேஸைக் கட்டி அங்கேயே தொங்கவிடுங்கள். காலையில் உதறிவிட்டுப் போடுங்கள். தின்பண்டம் தூளிக்குள் வேண்டாம். நாடா வழியே எறும்பு ஊர்வலம் வரும். நாடாவில், தூளி தொடங்குவதற்கு ஒரு சாண் முன்னால் ஒரு சின்னச் சரடைக் கட்டித் தொங்கவிட்டால், மரத்திலிருந்து வடிகிற பனியும் மழையும் உங்கள் தலைக்கு வராமல் அந்தச் சரடு வழியே சொட்டிவிடும்.

பாம்பைப் பற்றி. கட்டுவிரியன் ராத்திரியில் இரை தேடும். தரையில் தூங்குகிறவர்களைத்தான் அதிகம் கடிக்கும். கடித்தது தெரியாமலே சிலர் தூங்கிவிடுவார்கள். அந்த வகையில் கொசுவலை போட்ட தூளி பெரிய பாதுகாப்பு. ஆபத்து, நடுராத்திரி ஒண்ணுக்குப் போக இறங்கும்போதுதான். டார்ச்சை வலைக்குள்ளேயே கைக்கெட்டும் தூரத்தில் கட்டி வையுங்கள். முதலில் வெளிச்சம், பிறகு ஷூ, அப்புறம் கால். மீறிக் கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், 108-ஐக் கூப்பிட்டோ கிடைத்த வண்டியிலோ விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போகணும். தனியாகப் போகாமல் ரெண்டு மூணு பேராகப் போகச் சொல்வது இதற்காகத்தான். வீட்டில் ஒருவருக்கு லொகேஷன் அனுப்பிவிடுங்கள். செல்போனில் கடைசி 30 சதவிகித சார்ஜ் ரீல்ஸுக்கு இல்லை.

காலையில் அவிழ்ப்பது கட்டியதற்குத் தலைகீழ். முதலில் போர்வையும் மேட்டும் மடிந்து பைக்குள் போகட்டும். அப்புறம் ஹம்மாக், நாடா. மழை தூறினாலும் இதெல்லாம் தார்ப்பாயின் கீழே நனையாமல் நடக்கும். கடைசியாகத் தார்ப்பாயை அவிழ்த்து உதறி வெளிப்பையில் சொருகுங்கள். காலியான பாட்டில்களைத் தூக்கிப் போடாமல் உள்ளே வையுங்கள். தோட்டத்து அண்ணனிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், அடுத்த தடவையும் அந்த ரெண்டு மரம் வேணுமே.

வீட்டுக்கு வந்ததும் பையை மாடியில் கவிழ்த்துத் தட்டுங்கள், வீட்டுக்குள் வேண்டாம். ஹம்மாக்கையும் நாடாவையும் நிழலில் காயப்போடுங்கள். நம்ம ஊர் உச்சிவெயிலில் நாள் கணக்கில் கிடந்தால் நைலான் நைந்துபோகும், வெளியே பார்க்கத் தெரியாது. அடுத்த ட்ரிப்புக்கு முன்னால் தையல் ஓரங்களை விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள்.